தார்ச்சாலைக்கு எவ்வளவு கலவை வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை வேலைகளுக்கு அளவெடுத்து, கணக்குப் போட்டு, "இத்தனை டன் வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். வீட்டு முன்வாசலுக்குத் தார் போடுபவர்கள், வண்டி நிறுத்துமிடம் அமைப்பவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்கள் என்று யார் வந்தாலும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். படித்துக்கொண்டே போனால், கலவை பற்றாமல் போவதற்கு நீள அகலம் காரணமாக இருப்பது அபூர்வம் என்பதும், கனம், அதாவது தடிமன்தான் ஏமாற்றுகிறது என்பதும் தெரியவரும்.

தார் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் கலவை எவ்வளவு என்று சொல்கிறீர்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை. சாலையில் கொட்டுகிற கறுப்புக் கலவையில் எடைக்கணக்கில் 94, 95 சதவீதம் ஜல்லி, மணல், கல்தூள்தான். அவற்றை ஒட்ட வைக்கும் தார் பெரும்பாலும் 4.5 முதல் 6 சதவீதம். அதாவது 100 டன் கலவைக்குள் சுமார் 5 டன் தார் இருக்கும். கலவை ஆலையில் நீங்கள் சொல்லி வாங்குவது கலவையைத்தான். ஆகவே இந்தப் பக்கத்தில் "கலவை" என்றால் சுடச்சுட லாரியில் வருவது, "தார்" என்றால் அதற்குள் இருக்கும் பசை மட்டும்.

இன்று நாம் தார் என்று சொல்வது கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பிட்டுமன், அதாவது நிலக்கீல். நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய தார் வேறு பொருள். பெயர் மட்டும் பழகிப்போய் ஒட்டிக்கொண்டது. நம் கணக்குக்கு இதனால் பாதிப்பில்லை.

அடிப்படைக் கணக்கு என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

நீளம் × அகலம் × கனம் × அடர்த்தி. முதல் மூன்றும் மீட்டரில், அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு இத்தனை டன் என்ற கணக்கில். விடை டன்னில் வரும்.

100 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 5 செ.மீ. கனம் உள்ள ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். 100 × 3.5 × 0.05 = 17.5 கன மீட்டர். அடர்த்தி 2.35 என்றால் 17.5 × 2.35 = 41.1 டன். பின்னால் வரும் பல பதில்களில் இந்த 100 மீட்டர் சாலையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

கனத்தை மீட்டருக்கு மாற்றும்போது மட்டும் நிதானமாக இருங்கள். 5 செ.மீ. என்பதை 0.5 என்று எழுதிவிட்டு 411 டன் என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இடையில் தோராயமாக மாற்றாமல், கடைசி விடையை மட்டும் முழு எண்ணாக்குங்கள்.

அந்த 2.35 எங்கிருந்து வந்தது?

ரோலர் போட்டு இறுகிய பிறகு சாதாரண நெருக்கமான கலவைக்கு இருக்கும் அடர்த்தி அது. பெரும்பாலும் 2.3 முதல் 2.4 வரை இருக்கும். வேறு தகவல் கையில் இல்லாதபோது முதல் மதிப்பீட்டுக்கு 2.35 போதும். ஆனால் கல்லைப் பொறுத்து இது மாறும். கிரானைட் ஜல்லியைவிட, எரிமலைக் குழம்பு உறைந்த கல்லான பசால்ட் எடை அதிகம். பசால்ட் கலவை 2.4-ஐத் தாண்டவும் கூடும். தண்ணீர் ஊடுருவிப் போவதற்காகவே இடைவெளி விட்டுச் செய்யும் கலவையில் 18, 20 சதவீதம் காற்றிடம் இருப்பதால் அது 2.0-ஐ ஒட்டியே நிற்கும்.

ஆலையிடம் ஆய்வக அறிக்கை கேட்டால் கிடைக்கும். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட அடர்த்தி இருக்கும், அங்கேதான் குழப்பம் வருகிறது. காற்றிடமே இல்லை என்று வைத்துச் சொல்லும் உச்ச அடர்த்தி ஒன்று, உதாரணமாக 2.50. ஆய்வகத்தில் தட்டி இறுக்கிய மாதிரியின் அடர்த்தி இன்னொன்று, 2.40 என்று வைப்போம். சாலையில் ரோலர் கொடுப்பது பொதுவாக உச்ச அடர்த்தியில் 92 முதல் 95 சதவீதம். 93 என்றால் 2.325. நமக்கு வேண்டியது இந்தச் சாலை அடர்த்திதான். 2.40-ஐ வைத்தால் சுமார் 3 சதவீதம் கூடுதலாக வரும். சின்ன வேலையில் தெரியாது, 1000 டன் வேலையில் 30 டன்.

நான் அடி, அங்குலத்தில்தான் அளப்பேன். அதற்கு என்ன வழி?

சதுர அடியை அங்குலக் கனத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கன அடி வரும். இறுகிய கலவை ஒரு கன அடி சுமார் 66.5 கிலோ. 1000 சதுர அடிக்கு 2 அங்குலம் என்றால் 166.7 கன அடி, அதாவது 11.1 டன். மனக்கணக்காக வேண்டுமானால், 100 சதுர அடிக்கு ஒவ்வொரு அங்குலத்துக்கும் 550 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், டன்னிலும் மூன்று வகை உண்டு. மெட்ரிக் டன் 1000 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் டன் 1016 கிலோ. அடிக்கணக்கில் கேட்கும் இணையக் கால்குலேட்டர்கள் பலவும் அமெரிக்க டன்னில் விடை சொல்லும். அதை அப்படியே மெட்ரிக் டன் என்று நினைத்துச் சொல்லிவிட்டால் பத்து சதவீதம் அதிகம் வந்து சேரும்.

சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று மனப்பாடமாக ஏதாவது உண்டா?

ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. கனத்துக்கு 23.5 கிலோ. இது ஒன்று போதும். 4 செ.மீ. என்றால் 94 கிலோ, 5 செ.மீ. என்றால் 117.5 கிலோ, 7.5 செ.மீ. என்றால் 176 கிலோ.

5 செ.மீ. கனம் என்பது ரோலர் போடுவதற்கு முன்னாலா, பின்னாலா?

பின்னால். வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பது இறுகிய கனம்தான். பேவர், அதாவது கலவையை விரிக்கும் இயந்திரம், விரித்துவிட்டுப் போகும்போது கலவை 20 முதல் 25 சதவீதம் உப்பியிருக்கும். 5 செ.மீ. வேண்டுமென்றால் 6 முதல் 6.25 செ.மீ. வரை விரிக்க வேண்டும். கையால் வாரி விரித்தால் இன்னும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் பேவரில் கலவையைச் சமன்செய்யும் பலகை கொடுக்கும் முதல் அழுத்தம் அங்கே இல்லை.

இதனால் டன் மாறுமா என்றால், மாறாது. உப்பியிருந்தாலும் இறுகியிருந்தாலும் எடை ஒன்றுதான். தவறு நடப்பது எங்கே என்றால், ரோலர் போடுவதற்கு முந்தைய உதிரி கனத்தை எடுத்து இறுகிய அடர்த்தியால் பெருக்கும்போதுதான். நம் 100 மீட்டர் சாலைக்கு 6.25 செ.மீ. என்று வைத்து 2.35-ஆல் பெருக்கினால் 51.4 டன் வரும். பத்து டன் வீண். இறுகிய கனத்துக்கு இறுகிய அடர்த்தி என்ற ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

என் சாலை ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் குறுகல். எப்படி அளப்பது?

10 மீட்டருக்கு ஒருமுறை அகலத்தை அளந்து எழுதுங்கள். 40 மீட்டர் நீளத்தில் ஐந்து அகலங்கள் வந்தன: 3.4, 3.6, 3.9, 3.7, 3.5. இரண்டு முனைகளையும் பாதியாக எடுத்து, நடுவில் இருப்பவற்றை முழுதாகக் கூட்டி, 10-ஆல் பெருக்குங்கள். 1.7 + 3.6 + 3.9 + 3.7 + 1.75 = 14.65. பரப்பு 146.5 சதுர மீட்டர்.

ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்திருந்தால் 144.8 வந்திருக்கும். முனை அகலங்களுக்குப் பின்னால் பாதித் துண்டுதான் சாலை இருக்கிறது, அதனால்தான் அவை பாதி. திடீரென்று அகலம் மாறும் இடத்தில் 10 மீட்டர் வரை காத்திருக்காமல் அங்கேயே ஓர் அளவு எடுத்து, அந்தத் துண்டைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

வளைவு, முக்கு, வட்டமாகத் திரும்பும் இடம், இதெல்லாம் எப்படி?

ஒரே அகலமுள்ள வளைவு என்றால் நடுக்கோட்டின் வழியே நீளத்தை அளந்து அகலத்தால் பெருக்கினால் போதும். உள்பக்கம் குறைவதும் வெளிப்பக்கம் கூடுவதும் சரிக்குச் சரியாகப் போய்விடும். முழு வட்டத்துக்கு விட்டத்தின் வர்க்கம் × 0.785. ஒழுங்கில்லாத வடிவத்தை முக்கோணங்களாகப் பிரியுங்கள்.

பலரும் விட்டுவிடுவது சந்திப்பின் முக்குகளை. ஒரு சாலை இன்னொன்றோடு சேருமிடத்தில் வண்டி திரும்புவதற்காக வளைத்து விடுகிறோமே, அந்த மூலைத் துண்டு ஒவ்வொன்றும் ஆரத்தின் வர்க்கம் × 0.215. ஆரம் 6 மீட்டர் என்றால் ஒரு முக்கு 7.7 சதுர மீட்டர், இரண்டு முக்குகள் 15.5. 5 செ.மீ. கனத்துக்கு 1.8 டன். ஒரு தெருவில் நான்கு சந்திப்புகள் இருந்தால் 7 டன்னுக்கு மேல் போய்விடும்.

சாலை மேடாக ஏறுகிறது. இணைய வரைபடத்தில் அளந்த நீளம் சரிப்படுமா?

வரைபடம் மட்டமான நீளத்தைத்தான் காட்டும். ஆனாலும் 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறுகிற செங்குத்தான சாலையில்கூட உண்மையான நீளம் அரை சதவீதம்தான் கூடும். நம் 41 டன்னில் அது 0.2 டன். பொருட்படுத்த வேண்டாம்.

அகலத்துக்கு வரைபடத்தை நம்பாதீர்கள். மர நிழலும் மண் ஓரமும் சேர்ந்து விளிம்பை மறைத்துவிடும். அகலம் டேப் பிடித்து எடுத்ததாகவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்தேன். ஆனாலும் கலவை பற்றவில்லை. ஏன்?

நீங்கள் அளக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது: கலவை உட்காரப்போகும் தரை. கணக்கில் 5 செ.மீ. என்று எழுதுகிறோம், ஆனால் பேவரின் பலகை மேல்மட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு போகும். கீழே எங்கெல்லாம் பள்ளமோ அங்கெல்லாம் கலவை தானாக இறங்கி நிரப்பிக்கொள்ளும். நம் சாலையில் அடித்தளம் சராசரியாக 8 மி.மீ. தாழ்ந்திருந்தால், 5 செ.மீ. போடுகிறோம் என்று நினைத்து உண்மையில் 5.8 செ.மீ. போடுகிறோம். 41.1 டன் 47.7 டன்னாகிவிடும். 16 சதவீதம். இதோடு ஒப்பிடுங்கள்: அகலத்தில் 10 செ.மீ. தவறினால் 3 சதவீதம், நீளத்தில் ஒரு மீட்டர் தவறினால் 1 சதவீதம். கண்ணுக்குத் தெரிகிற நீள அகலத்தை எல்லோரும் கவனமாக அளக்கிறார்கள். விரல் கனம்கூட இல்லாத பள்ளத்தை யாரும் அளப்பதில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அளக்கவில்லை. கிட்டத்தட்ட இதே அளவுள்ள ஒரு சாலை. நீளமும் அகலமும் அச்சாக எடுத்தேன், தரை பார்வைக்கு மட்டமாக இருந்ததால் நம்பிவிட்டேன். சாயங்காலம் கடைசி லாரி காலியானபோது 14 மீட்டர் மிச்சம் நின்றது. ஆலை அன்றைக்கு மூடியாகிவிட்டது. மறுநாள் காலையில், ஆறிப்போன விளிம்போடு புதுக் கலவையைச் சேர்த்தோம். அந்தச் சாலையில் முதலில் தண்ணீர் இறங்கி ஜல்லி பெயர்ந்தது அந்த இணைப்பில்தான். அதற்குப் பிறகு தரையை அளக்காமல் நான் ஒரு டன்னும் எழுதிக் கொடுத்ததில்லை.

அளப்பது கடினமில்லை. சாலையின் இரு ஓரங்களிலும் மேல்மட்டம் வரவேண்டிய உயரத்தில் ஆணி அடித்து, குறுக்கே நூலை இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் மேடு வைத்து இருபுறமும் சரிப்பதாக இருந்தால் நடுவிலும் ஓர் ஆணி. நூலிலிருந்து தரைக்கு ஐந்து இடங்களில் ஸ்கேல் வைத்து ஆழத்தை எழுதுங்கள். 10 மீட்டர் தள்ளி மறுபடியும். 100 மீட்டருக்கு 11 வரிசை, 55 அளவுகள். அவற்றின் சராசரிதான் உங்கள் உண்மையான கனம். வரைபடத்தில் இருக்கும் எண் அல்ல.

அப்படியானால் பள்ளத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் தடிமனாகப் போட்டுவிடலாமா?

சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்குச் சரி. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கூடாது. காரணம், ரோலர் எல்லா இடத்தையும் ஒரே விகிதத்தில் அமுக்கும், ஒரே அளவில் அல்ல. 3.75 செ.மீ. ஆழமுள்ள ஒரு பள்ளத்தைப் பாருங்கள். மற்ற இடத்தில் 6.25 செ.மீ. உதிரியாக விரித்தால் பள்ளத்தில் 10 செ.மீ. நிற்கும், மேலே மட்டமாகத் தெரியும். ரோலர் போனதும் 6.25 என்பது 5 ஆகும், 10 என்பது 8 ஆகும். பள்ளம் இருந்த இடத்தில் மேல்மட்டம் 7.5 மி.மீ. தாழ்ந்துவிடும். பள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேலே திரும்பி வந்துவிட்டது. மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் நிற்கும்.

ஆகவே பள்ளத்தை முதலில் தனியாக நிரப்பி, அமுக்கி, அதன்மேல் முழு அடுக்கைப் போட வேண்டும். கணக்கிலும் அதைத் தனி வரியாக எழுதுங்கள்: பள்ளத்தின் பரப்பு × சராசரி ஆழம் × அடர்த்தி. ஒரு பக்கம் 2 செ.மீ., மறுபக்கம் 6 செ.மீ. என்று சரிந்து போனால் சராசரி 4 செ.மீ.

கனத்தைக் கொஞ்சம் குறைத்தால் கலவை மிச்சமாகுமே, நானே குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மேலே ஓடப்போகும் வண்டிகளின் சுமையையும் கீழே இருக்கும் மண்ணையும் பார்த்து முடிவானது அந்தக் கனம். அதைத் தவிரவும் இரண்டு காரணங்கள் உண்டு.

கலவையில் இருக்கும் பெரிய ஜல்லியின் அளவைப்போல் மூன்று, நான்கு மடங்காவது கனம் இருக்க வேண்டும். 19 மி.மீ. ஜல்லிக்கு ஏறக்குறைய 6 செ.மீ., 13 மி.மீ. ஜல்லிக்கு 4 செ.மீ., 10 மி.மீ. ஜல்லிக்கு 3 செ.மீ. அதற்குக் கீழே போனால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு நெருங்க இடமில்லாமல் ரோலருக்கு அடியில் நொறுங்கும், பேவர் இழுக்கும்போது கீறல் விழும். மெல்லிய அடுக்கு சீக்கிரம் ஆறவும் செய்யும். ஆலையிலிருந்து 150, 160 டிகிரி செல்சியஸில் புறப்படும் கலவை 80 டிகிரிக்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை முறை உருட்டினாலும் பெரிதாக இறுகாது.

கலவையை மிச்சப்படுத்த வேண்டுமானால் அடித்தளத்தைச் சீராக்குங்கள். முந்தைய கேள்விகளில் பார்த்த 6.6 டன் கூடுதல் அப்படியே மிஞ்சும்.

இரண்டு அடுக்கு போடச் சொல்கிறார்கள். இரண்டு கனத்தையும் கூட்டி ஒரே கணக்காகப் போடலாமா?

தனித்தனியாகப் போடுங்கள். கலவை வேறு, அடர்த்தி வேறு, பெரும்பாலும் அகலமும் வேறு. கீழ் அடுக்கை ஓரங்களில் கொஞ்சம் நீட்டி விடுவார்கள், மேல் அடுக்கின் விளிம்பு வெறும் மண்ணில் நிற்காமல் இருப்பதற்காக. கீழே 100 × 3.6 × 0.07 × 2.38 = 60 டன், மேலே 100 × 3.5 × 0.04 × 2.33 = 32.6 டன். நூல் கட்டி அளந்த பள்ளக் கணக்கு கீழ் அடுக்குக்கு மட்டும்தான் வரும். கீழ் அடுக்கு ஒழுங்காக அமைந்தால் மேல் அடுக்குக்கு வரைபடக் கனமே போதும்.

அடியில் தெளிக்கும் தார் இந்தக் கணக்கில் வருமா?

வராது, அது தனி. பழைய தார்ப்பரப்பின்மேலோ இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலோ ஒட்டுவதற்காகத் தெளிப்பது சதுர மீட்டருக்கு சுமார் 0.2 முதல் 0.3 கிலோ எமல்ஷன் (தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த தார்). நம் 350 சதுர மீட்டருக்கு 70 முதல் 105 கிலோ. ஜல்லித் தளத்தின்மேல் முதன்முதலாகத் தெளிப்பது உள்ளே இறங்க வேண்டும் என்பதால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் பிடிக்கும், சதுர மீட்டருக்கு 0.7 முதல் 1 கிலோ. எமல்ஷனில் கணிசமான பங்கு தண்ணீர்தான். மேலும் தண்ணீர் கலந்து தெளிப்பதாக இருந்தால், கலப்பதற்கு முந்தைய அளவையே கணக்கில் எழுதுங்கள்.

சாலை நடுவில் இருக்கும் சாக்கடை மூடிகளைக் கழிக்க வேண்டுமா?

60 செ.மீ. விட்டமுள்ள மூடி 0.28 சதுர மீட்டர். 5 செ.மீ. கனத்துக்கு 33 கிலோ. பத்து மூடி இருந்தாலும் 330 கிலோதான். கழிக்காதீர்கள், மூடியைச் சுற்றிக் கையால் நிரப்பும்போது அந்த அளவு சிந்திப்போகும். நடுத்திட்டு, மரத்துக்கு விட்ட இடம் போன்றவற்றைக் கழியுங்கள்.

சேதாரத்துக்கு எவ்வளவு கூட்டுவது?

பேவர் ஓடும் நீளமான வேலைக்கு 3 சதவீதம், வளைவும் முக்குமாக இருக்கும் வேலைக்கு 5, கையால் விரிக்கும் சின்ன இடத்துக்கு 10 வரை. இது நான் வைக்கும் அளவு. லாரித் தொட்டியில் ஒட்டிக்கொள்வது, பேவரின் தொட்டியில் ஆறிப்போவது, ஓரத்தில் வழிவது, இணைப்பை வெட்டிச் சீராக்கும்போது விழுவது, எல்லாம் இதற்குள் அடக்கம். நம் சாலைக்கு 5 சதவீதம் வைத்தால் 43.2 டன்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று 15 சதவீதம் கூட்டுபவர்கள் உண்டு. தரையை அளக்காமல் விட்டதைச் சேதாரத்தின் பெயரில் மூடி மறைப்பது அது. தரை நன்றாக இருந்தால் சூடான கலவை மிஞ்சி எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிற்பார்கள், மோசமாக இருந்தால் அப்போதும் பற்றாது.

எத்தனை லோடு சொல்வது? எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வர வேண்டும்?

லாரியின் அளவை எடையால் பாருங்கள், தொட்டியின் கொள்ளளவால் அல்ல. சட்டப்படி 15 டன் ஏற்றலாம் என்றால் 43.2 ÷ 15 = 2.9, ஆக மூன்று லோடு. கடைசி லோடை முன்கூட்டியே முழுதாகச் சொல்லிவிடாதீர்கள். அதற்கு முந்தைய லாரி பாதி காலியானதும் மிச்சமிருக்கும் நீளத்தை அளந்து, "இன்னும் இத்தனை டன்" என்று ஆலைக்குப் போன் செய்யுங்கள்.

இடைவெளிக்கு: நம் சாலையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.411 டன் வேண்டும். மணிக்கு 60 டன் வந்து சேரும் என்றால் பேவர் மணிக்கு 146 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 2.4 மீட்டர் நகரலாம். அதைவிட வேகமாக ஓட்டினால் லாரிக்காக நிற்க வேண்டிவரும். நின்ற இடத்தில் கலவை ஆறும், பலகை பதிந்து சாலையில் ஒரு திட்டு உண்டாகும், வண்டியில் போகும்போது அது தெரியும்.

வேலை நடக்கும்போதே கணக்குச் சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு லாரியின் எடைச்சீட்டையும் வாங்கி, அந்த லாரி எத்தனை மீட்டர் ஓடியது என்று சாலையோரம் சுண்ணாம்பால் குறியுங்கள். முதல் லாரி 14.6 டன் என்றால் 14.6 ÷ 0.411 = 35.5 மீட்டர் ஓட வேண்டும். 32 மீட்டரிலேயே தீர்ந்துவிட்டதா? 14.6-ஐ 32 × 3.5 × 2.35-ஆல் வகுத்தால் 0.055. ஐந்தரை செ.மீ. போய்க்கொண்டிருக்கிறது. 40 மீட்டர் ஓடினால் 4.4 செ.மீ.தான் விழுகிறது, அதுவும் ஆபத்து.

தரையை அளந்து சராசரிக் கனத்தைக் கூட்டியிருந்தால் இங்கேயும் அந்தக் கனத்தையே வையுங்கள். முதல் லாரியிலேயே வித்தியாசம் தெரிந்தால் பலகையின் உயரத்தைச் சரிசெய்யவும் நேரம் இருக்கும், ஆலைக்குச் சொல்லவும் நேரம் இருக்கும்.

வேலை முடிந்துவிட்டது. சொன்ன கனம் போட்டார்களா என்று எடைச்சீட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

சராசரியைக் கண்டுபிடிக்கலாம். மொத்த எடையிலிருந்து மிஞ்சிப்போனதைக் கழித்து, பரப்பாலும் அடர்த்தியாலும் வகுத்தால் கனம் வரும். ஆனால் ஒரு பக்கம் 3 செ.மீ., மறுபக்கம் 7 செ.மீ. போட்டிருந்தாலும் சராசரி 5 என்றுதான் சொல்லும். ஒவ்வோர் இடத்திலும் தெரிய வேண்டுமானால் வட்டமாகத் துளைத்து மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த மாதிரியிலேயே அடர்த்தியையும் சோதிக்கலாம்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறோம். கணக்கு மாறுமா?

சூத்திரம் மாறாது. 350 சதுர மீட்டரில் 4 செ.மீ. சுரண்டினால் ஏறக்குறைய 33 டன் வெளியே போகும். லாரியில் அது உதிரியாகக் கிடப்பதால் இடம் அதிகம் பிடிக்கும், எடை அதே. சுரண்டிய பரப்பில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும், அவையும் கொஞ்சம் கலவையை விழுங்கும். அதனால் நூல் கட்டி அளப்பதைச் சுரண்டிய பிறகு, சுத்தம் செய்த தரையில் செய்யுங்கள். சுரண்டி எடுத்ததை ஆலையில் மறுபடி கலந்து கொடுத்தாலும் உங்களுக்கு வேண்டிய மொத்த டன் குறையாது. ஆலைக்குப் புதுத் தாரும் ஜல்லியும் குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு குழியை அடைக்கப் பையில் வரும் குளிர் கலவை (சூடாக்காமல் போடுவது) எத்தனை வேண்டும்?

உதிர்ந்ததை எல்லாம் வாரி, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டிய பிறகு அளவெடுங்கள். முன்னால் அளந்தால் குறைவாகத்தான் வரும். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம் என்றால் 19.2 லிட்டர். குளிர் கலவை சூடான கலவையைவிடக் கொஞ்சம் லேசாக இறுகும் என்பதால் லிட்டருக்கு 2.1 கிலோ வைத்தால் 40 கிலோ. 25 கிலோ பை இரண்டு. மிஞ்சும் பத்து கிலோவில் ஒரு பங்கை, வண்டி ஏறி அமுங்குவதற்காகக் குழியின்மேல் சற்று மேடாகவே வைத்துத் தட்டுங்கள்.

இணையக் கால்குலேட்டர் 38.5 டன் என்கிறது, நீங்கள் 43 என்கிறீர்கள், ஒப்பந்தக்காரர் 49 கேட்கிறார். யாரை நம்புவது?

மூன்று பேரிடமும் ஒரே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கனம் எவ்வளவு, அது இறுகியதா? அடர்த்தி எவ்வளவு? சேதாரம் எவ்வளவு? தரையை அளந்தீர்களா? கால்குலேட்டர் 2.2 அடர்த்தி வைத்து, சேதாரம் சேர்க்காமல் சொல்லியிருக்கும்: 17.5 × 2.2 = 38.5. நான் சொன்ன 43 என்பது 2.35 அடர்த்தி, 5 சதவீதச் சேதாரம், தரை மட்டமாக இருக்கிறது என்ற அனுமானம்.

49 கேட்பவர் ஏமாற்றுகிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். தரை சராசரியாக 8 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று அளந்து 47.7 டன் கணக்கிட்டு, அதன்மேல் 3 சதவீதம் சேர்த்தால் 49 வந்துவிடும். மூவரில் சரியானவர் அவராகவே இருக்கலாம். நூல் கட்டி எடுத்த அளவுத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அவரோடு சாலைக்குப் போய், அதில் ஏதாவது மூன்று வரிசைகளை மட்டும் நீங்களே நூல் பிடித்து அளந்து பாருங்கள். தாள் இல்லை என்றால், கலவைக்குச் சொல்வதற்கு முன்னால் அந்த 55 அளவுகளை இருவரும் சேர்ந்தே எடுத்துவிடுங்கள்.